தாம்பரத்துக் கல்விச் சோலை

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. 11ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அக்கல்வெட்டு, கோயிலை அடுத்து ஒரு கல்விச்சாலையும், மாணவர் தங்கும் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலையும் நடைபெற்ற செய்தியை அறிவிக்கின்றது. மருத்துவர்க்கும், அறுவை செய்வோர்க்கும், மூலிகை கொணர்வோர்க்கும், நோயாளரைப் பேணும் பெண்டிர்க்கும் அளக்க வேண்டிய நெல்லின் கணக்கும் அதில் உண்டு. இவற்றினும் வியப்புக்குரிய செய்தி ஒன்று அதன்கண் உள்ளது. மாணவர் சனிக்கிழமைதோறும் எண்ணெய் முழுக்காடுவதற்கு வேண்டிய எண்ணெய்க்கும் அக்கல்வெட்டிலே வழி வகுக்கப்பட்டுள்ளது. ஆசிரியர்க்கு நெல் அளந்ததோடு அமையாது, மாணவன் தலைக்கு எண்ணெயும் அளந்தார்கள் அக்காலத்தார்! அக்கல்வி எல்லார்க்கும் உரியதாக இருக்கவில்லை என்பதை மறைத்தல் ஆகாது. வேதம் ஓதும் குலத்தார்க்கே அவ்விடுதியின் கதவு திறந்திருந்தது. ஆயினும், பயில்வோனுடைய உடலும் உள்ளமும் நலமாக இருத்தல் கல்விச்சாலையின் பொறுப்பே என்னும் எண்ணம் இந்நிலத்திற்குப் புதியதன்று என்பது அதனால் விளங்கும்.

ஆங்கிலக் கல்வி சென்னையில் வேரூன்றிய காலத்தில் இவ்வெண்ணம் பின்னடைந்திருந்தது. ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியாராகிய ஜான் ஆண்டர்சன் என்பார் 1837இல் சென்னையில் 59 சிறுவரைக் கொண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளியே படிப்படியாக வளர்ந்து, 1877இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. கோட்டைக்கும் துறைமுகத்திற்கும் அண்மையில், வணிகர் கூட்டமும் வண்டிகளின் ஓசையும் ஓயாத ஜார்ஜ் டவுனில் அக்கல்லூரி நடைபெற்றது. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் ஆந்திர நாட்டிலிருந்தும் இளைஞர் பலர் அங்கு வந்து பயின்றனர். பகலில் கல்லூரி அவர்களுக்குப் பாடம் கற்பித்தது. மாலை மணி அடித்தபின் அவர்கள் எங்கே உண்டார்கள், எங்கே உறங்கினார்கள், காய்ச்சல் கண்டால் கஞ்சி கொடுப்பார் யாவர் என்னும் வினாக்களைக் கேட்பார் அரியர்.

அவ்வினாக்களைக் கேட்டவர் வில்லியம் மில்லர். 1862இல் இந்நாட்டிற்கு வந்து, 1877 முதல் 1907 வரை அக்கல்லூரியின் முதல்வராக விளங்கிய பெருந்தகை அவர். வெளியூர் மாணவர் தங்குதற்கு விடுதிகள் அமைப்பது கல்லூரியின் கடமை என்று அவர் கருதினார். அவ்வாறே விடுதிகளை அமைத்தும் காட்டினார். தம் குடும்பப் பொருளையும் கல்லூரிக்கே செலவிட்டார். மாணவர் தம்மை நாடி வருதற்கு அஞ்சாத வகையில் அவர் பழகினார்.

மில்லரின் அன்புக்கு உரியவராய்த் திகழ்ந்தவருள் ஒருவர் சூரியநாராயண சாஸ்திரியார். தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் எனத் தூய தமிழில் அமைத்துக்கொண்ட புலவர் அவரே. கிறித்தவக் கல்லூரியிற் பயின்று தேறிய அவர்க்குத் தத்துவ நூல் கற்பிக்கும் பதவியை அளிக்க மில்லர் முன்வந்தார். அதனினும் ஊதியம் குறைந்த தமிழாசிரியர் பதவியையே பரிதிமாற் கலைஞர் விரும்பி ஏற்றார். அந்நாளில் தமிழாசிரியர்க்கு இருந்த மதிப்பை அறிந்தோர்க்கே அச்செயலின் அருமை புலனாகும். கல்லூரி வகுப்பில் பாடம் சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. தமிழில் ஆர்வமுடைய மாணவரைத் தம் இல்லத்திற்கு அழைத்து, பொருள் எதுவும் பெறாமல் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தார். அவர்களுக்கு ‘இயற்றமிழ் மாணவர்’ என்று பெயரும் சூட்டினார். பெயர் பெற்ற மாணவர் கூட்டம் அது! அவ்வாசிரியர் எலும்புருக்கி நோய்க்கு ஆளாகி, 1903இல் தம் 33ஆம் அகவையில் மறைந்தார்.

எலும்புருக்கி நோயாகிய காசநோய் அக்காலத்தில் மாணவரையும் ஆசிரியரையும் ஒருங்கே வாட்டிய கொடுங்கூற்றம். அதற்கு ஏற்ற மருந்து அப்போது இல்லை. தூய காற்றும், கதிரொளியும், எளிய உணவும், ஓய்வுமே மருத்துவர் அறிந்த துணைகள். இம்முறையில் பேர் பெற்ற தமிழர் ஒருவர் டாக்டர் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளின் நடுவே அவர் ஒரு மருத்துவ நிலையத்தை நடத்தினார். கணித மேதை இராமானுசன் அந்நாட்டில் நோயுற்றபோது சிலகாலம் அங்குத் தங்கி மருத்துவம் பெற்றார். இராமானுசனின் கல்லூரி வாழ்வும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்த அவர், கணிதம் ஒன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டார். அதனால் உதவித்தொகையை இழந்தார். ஒருவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குப் போய்விட்டார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெற்றாரில்லை. தேர்வு முறை அவரிடம் இல்லாதவற்றை அளந்தது. இருந்ததை அளக்க அதனிடம் அளவுகோல் இல்லை. அயல்நாட்டிலோ, அறிவை அறிந்து போற்றுவார் இருந்தனர். ஆனால், சைவ உணவு உண்ணும் அவர்க்குப் போர்க்காலப் பஞ்சத்திலும் கடுங்குளிரிலும் வேளைக்கு நல்லுணவு கிட்டவில்லை. உள்ளூரில் ஒன்று குறைந்தது. வெளியூரில் மற்றொன்று குறைந்தது. 1920இல், 32 வயதில், அப்பெருமகன் சென்னையில் உயிர் நீத்தார்.

தாயகம் திரும்பிய டாக்டர் சௌரிமுத்து, நகரின் நெரிசலுக்கு அப்பால் தூய காற்று வீசும் இடத்தைத் தேடினார். தாம்பரம் அவர் கண்ணிற் பட்டது. 1928இல் அங்கு ஒரு காசநோய் மருத்துவ நிலையத்தை நிறுவினார். அரசினர் 1937இல் அதனை ஏற்று நடத்தலாயினர். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்திற்கும் இடையே உள்ள ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் இரயில் நிலையத்தின் பெயர் அம்மருத்துவ நிலையத்தினின்றும் வந்ததேயாம்.

மருத்துவர் தேடிய காற்றையே கல்லூரியும் தேடியது. ஜார்ஜ் டவுனில் மாணவர் தொகை பெருகப் பெருக, விளையாட இடமின்றி, விடுதிகளை விரிக்க வழியின்றிக் கிறித்தவக் கல்லூரி இடர்ப்பட்டது. நகரை விட்டு அகலுதல் வேண்டும் என்பாரும், நூறாண்டு நின்ற இடத்தை விடுதல் தகாது என்பாருமாக நெடுநாள் வாதம் நிகழ்ந்தது. இறுதியில் சேலையூரை அடுத்த காட்டு நிலம், ஏறத்தாழ 365 ஏக்கர், கல்லூரிக்கு இடமாயிற்று. முட்புதரும், காரையும் களாவும் மண்டிக் கிடந்த மேட்டு நிலம் அது. சுவிட்சர்லாந்து நாட்டுக் கட்டடக் கலைஞராகிய ஹென்றி ஷாட்டி என்பார் கட்டடங்களை வகுத்தார். பள்ளி தோன்றி நூறாண்டு நிறைந்த 1937இல், ஆளுநர் எர்ஸ்கின் பிரபு புதிய கல்லூரியைத் திறந்து வைத்தார். முதல்வராக அப்போது விளங்கியவர் ஏ. ஜி. ஹாக் என்னும் தத்துவப் பேராசிரியர்; டாக்டர் இராதாகிருட்டிணன் பழைய கல்லூரியிற் பயின்றபோது அவர்க்கு ஆசிரியராக இருந்தவரும் அவரே.

புதிய கல்லூரியின் உயிர்நாடியாக அமைந்தவை மூன்று விடுதிகள். அருகிலுள்ள ஊரின் பெயரால் ஒன்று சேலையூர் விடுதி எனப்பட்டது. பரங்கிமலையோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் தோமையர் பெயரால் ஒன்று அமைந்தது. 1826இல் திருச்சிராப்பள்ளியில் மறைந்த ஹீபர் என்னும் பேராயர் பெயரை மற்றொன்று தாங்கியது. வெறும் உண்டியும் உறையுளும் அளிக்கும் சத்திரமாக அவ்விடுதிகள் கருதப்படவில்லை. ஒவ்வொரு விடுதிக்கும் ஆசிரியர் ஒருவர் காப்பாளராக இருந்து, அம்மாணவரோடு வாழ்ந்தார். பல மாவட்டத்தாரும், பல மொழியாரும், பல சமயத்தாரும் ஒரே கூரையின்கீழ்த் தங்கினர். விடுதியின் காரியங்களை நடத்தத் தம்முள் ஒருவரை மாணவரே தேர்ந்தெடுத்தனர். உணவுக் கணக்கில் பிழை வந்தால் அதற்கு விடை சொல்வாரும் மாணவரே. விளையாட்டில் தோற்றால் அடுத்த ஆண்டிற்கு ஆயத்தம் செய்வாரும் மாணவரே. பதினேழு வயதில் வீட்டை விட்டு வந்த ஒருவன், முதல் இரவில் பெட்டியின்மீது அமர்ந்து, ஊரை நினைந்து கண்ணீரை மறைக்கின்றான். அவனுக்கு வேண்டுவது அறிவுரை அன்று. மறுநாட் காலையில் உணவுக்கூடத்தில் ஒருவர் அவன் பெயரைச் சொல்லி அழைத்தல் வேண்டும். தாம்பரத்து விடுதி முறையின் நுட்பம் முழுவதும் அவ்வழைப்பில் அடங்கும்.

கட்டடங்களைச் சூழ்ந்த காட்டைச் சோலையாக்கியவர் வேதியியற் பேராசிரியர் எட்வர்டு பார்ன்சும் அவர்தம் துணைவியார் ஆலிசும் ஆவர். பேராசிரியர் தொழிலால் வேதியியலார், விருப்பத்தால் தாவரவியலார். கணவனும் மனைவியுமாக அவ்வளாகத்தில் மரங்களை நட்டு வளர்த்தனர். அதே வேளையில், இயற்கையாக அங்கு நின்ற புதர்க்காட்டையும் முற்றும் அழியவிடவில்லை. கடற்கரையை ஒட்டி ஒருகாலத்தில் பரந்து கிடந்த அவ்வகைக் காடு இன்று மிக அருகிவிட்டது. அதன் எச்சங்களுள் ஒன்றைக் கல்லூரி வளாகத்திலே காணலாம். புள்ளிமான்கள் அங்கு உலவுகின்றன. தேர்வுக் காலத்தில் படித்துக் களைத்த கண்ணுக்கு மான் கூட்டம் அளிக்கும் ஆறுதலை எந்த நூலும் அளித்தல் இயலாது.

1939இல் பெண்களும் அக்கல்லூரியில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். 1962இல் சந்திரன் தேவநேசன் முதல் இந்திய முதல்வராகப் பொறுப்பேற்றார். 1978இல் தன்னாட்சி பெற்று, பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையைக் கல்லூரி அடைந்தது.

எனினும் விடுதியில் இடம் பெற்றோர் எக்காலத்தும் ஒரு பகுதியினரே. ஏனையோரைச் சுமந்து வந்தது இரயில்வண்டி. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931இல் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. கல்லூரி இவ்வளவு தொலைவு வருதற்குத் துணிவு தந்தவற்றுள் அவ்விரயிலும் ஒன்று எனலாம். நாள்தோறும் வந்து செல்லும் மாணவர், மணி அடித்தவுடன் நிலையத்திற்கு ஓடிவிடுவார்களாயின், கல்லூரி அவர்களுக்கு மற்றொரு அலுவலகமாகவே முடியும். இக்குறையை நீக்கக் கல்லூரியார் ஓர் ஏற்பாடு செய்தனர். விடுதியில் தங்காத மாணவரையும் மூன்று விடுதிகளுள் ஒன்றோடு இணைத்தனர். இரவில் வேறெங்கோ உறங்கினாலும், ‘இது என் விடுதி’ என்று சொல்லிக்கொள்ள அவர்க்கும் ஓர் இடம் உண்டாயிற்று. செலவில்லாத ஏற்பாடு, ஆனால் செல்வம் மிக்க கல்லூரிகள் பலவற்றுக்குத் தோன்றாத ஏற்பாடு.

அவ்விரயில் தாம்பரத்தை அடையுமுன் குரோம்பேட்டையில் நிற்கின்றது. அங்கும் ஒரு கல்விச்சாலை உண்டு. தொழிலதிபர் சி. இராஜம் என்பார், தம்முடைய ‘இந்தியா ஹவுஸ்’ என்னும் மாளிகையை விற்று, அப்பொருளைக் கொண்டு 1949இல் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தை அங்கு நிறுவினார். நாடு விடுதலை பெற்று ஈராண்டே ஆகியிருந்தது. வானூர்தி, தானியங்கி ஊர்தி, மின்னணு, கருவியியல் ஆகிய துறைகளை இந்நாட்டு இளைஞர் இந்நாட்டிலேயே கற்றல் வேண்டும் என்பது அவர் துணிவு. 1978 முதல் அக்கழகம் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாக விளங்கி வருகின்றது.

1950-களில் இராமேசுவரத்து இளைஞர் ஒருவர் அங்கு வானூர்தித் துறையிற் சேர இடம் பெற்றார். சேருதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. தந்தையிடம் அப்பொருள் இல்லை. தமக்கையார் சோகரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். தம் உழைப்பால் ஈட்டிய பொருளைக் கொண்டே அவற்றை மீட்பேன் என்று அவ்விளைஞர் உறுதி பூண்டார். அவரே பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம்.

கலாமும் அவர்தம் தோழர் நால்வரும் ஒரு போர் விமானத்தின் அமைப்பை வகுக்கும் பணியை மேற்கொண்டனர். ஒருநாள் கழகத்தின் இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன் வந்து பார்த்தார். வேலை நிறைவளிக்கவில்லை என்று கடிந்தார். ஒரு திங்கள் தவணை வேண்டினார் கலாம். அன்று வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை காலைக்குள் வரைபடம் முடியாவிடின் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார் பேராசிரியர். உதவித்தொகை நின்றால் படிப்பே நின்றுவிடும். தமக்கையின் வளையல்கள் அடகுக் கடையிலேயே தங்கிவிடும். இரவு உணவையும் மறந்து வரைபலகையின் முன் நின்றார் கலாம். ஞாயிற்றுக்கிழமை வேலை முடியுந் தறுவாயில் அறையில் எவரோ நிற்பதை உணர்ந்து திரும்பினார். பேராசிரியர் சீனிவாசன் விளையாட்டுக் களத்தினின்றும் நேரே அங்கு வந்திருந்தார். வரைபடத்தைக் கண்டு மகிழ்ந்து அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தாம் விதித்த தவணை கடினமானது என்பதை அறிந்தே விதித்ததாகவும் கூறினார்.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் பலர், பேராசிரியரின் கண்டிப்பையே வியந்து பேசுவர். கண்டிப்பு அரிய பொருளன்று. எங்கும் மலிவாகக் கிடைப்பது. எல்லா மாணவர்க்கும் அது பொருந்தும் என்று கொள்ளுதலும் தவறு. உள்ளம் நொந்து கிடப்பவனை அது முறித்தும் விடும். ஞாயிற்றுக்கிழமையன்று பேராசிரியர் தாமே வந்து பார்த்தார் என்பதே இங்குக் கருதத்தக்கது. வராமல் இருந்திருப்பாராயின், அத்தவணை வெறுங் கொடுமையாகவே முடிந்திருக்கும்.

அக்கழகத்தின் தமிழ்ச் சங்கத்தார் நடத்திய கட்டுரைப் போட்டியிலும் கலாம் கலந்துகொண்டார். நம் விமானத்தை நாமே ஆக்கிக்கொள்ளுதல் பற்றித் தமிழிலே கட்டுரை எழுதி, ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் தேவன் கையால் முதற் பரிசு பெற்றார். விமானவியலைத் தமிழில் எழுத முடியுமா என்று ஐயுற்றோர்க்கு அந்நாளிலேயே கிடைத்த விடை அது. படிப்பு முடிந்து எல்லாரும் கூடிப் படம் எடுத்துக்கொண்டபோது மற்றொன்று நிகழ்ந்தது. பேராசிரியர்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். மாணவர் பின்னே நின்றனர். ஸ்பாண்டர் என்னும் ஆஸ்திரிய நாட்டுப் பேராசிரியர் எழுந்து திரும்பி, பின்வரிசையில் நின்ற கலாமைத் தேடி அழைத்துத் தம் அருகில் அமர்த்திக்கொண்டார். வாழ்வில் உயர்ந்த பதவிகள் பல வந்தபின்னும், தம் வரலாற்றை எழுதுங்கால் அவ்விருக்கையைக் கலாம் மறவாது குறித்துள்ளார்.

மாணவர் நலம் கல்விக்குப் புறம்பானதன்று என்பதை நாடு முழுவதற்கும் எடுத்துரைத்த குழு ஒன்றுண்டு. 1948இல் டாக்டர் இராதாகிருட்டிணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவே அது. மாணவர்க்கு ஆண்டுதோறும் கட்டணமின்றி உடற்பரிசோதனை செய்தல் வேண்டும். நண்பகலில் குறைந்த விலையில் நல்லுணவு அளித்தல் வேண்டும். மாணவர் நலம் பேணுதற்கென்றே ஓர் அலுவலர் அமைதல் வேண்டும் என்றெல்லாம் அக்குழு பரிந்துரைத்தது. அவற்றுட் சில நிறைவேறின. சில ஏட்டளவில் நின்றன.

அன்றைய காட்டு வழி இன்று அடையாளம் தெரியாதவாறு மாறிவிட்டது. தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆயிற்று. குரோம்பேட்டை முதல் வண்டலூர் வரையிலும், அதற்கப்பாலும், நெடுஞ்சாலையின் இருமருங்கும் கல்லூரிகள் எழுந்துள்ளன. காலை இரயிலில் எள் போட்டால் எள் விழாத நெரிசல். அவ்வண்டியில் நிற்கும் மாணவருட் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர். தேர்வுத் தாளின் மொழி ஆங்கிலம். அன்னையின் கைப்பேசியில் வரும் செய்தியோ, வங்கிக் கடனின் தவணை. ஒரு பாடத்தில் தோற்றால் அதை வீட்டில் எவ்வாறு சொல்வது என்னும் அச்சமே பாடத்தினும் பெரிதாக வளர்ந்துவிடுகின்றது. கல்லூரிகளின் விளம்பரப் பலகைகளில் வேலைவாய்ப்புக் கணக்கு பெரிய எழுத்தில் பொறிக்கப்படுகின்றது. விடுதிக் காப்பாளர் எத்தனை மாணவரின் பெயரை அறிவார் என்னும் கணக்கு எங்கும் பொறிக்கப்படுவதில்லை.

அரசினரும் வாளா இருந்தாரல்லர். புதிதாக வரும் மாணவரை மூத்தோர் துன்புறுத்தும் கொடுமையைத் தடுக்க 1997இல் தமிழகத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் அமைந்த ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியிற் பயின்று கல்லூரியிற் சேரும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் அதனால் கிடைத்தது. ஆண்களுக்கென ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024இல் தொடங்கப்பட்டது. ஆயிரம் ரூபாய் பெருந்தொகையன்று என்று நகைப்பாரும் உளர். இரயில் பருவச் சீட்டிற்கும் நண்பகல் உணவிற்கும் தந்தையின் கையை எதிர்பார்த்து நின்ற பெண்ணுக்கே அதன் மதிப்புத் தெரியும்.

உள்ளத்தின் நோயும் உடலின் நோய் போன்றதே என்னும் அறிவு இப்போதுதான் பரவி வருகின்றது. ஒருகாலத்தில் காசநோய் கண்டவரை உற்றாரே மறைத்து வைத்தனர். இன்று உள்ளம் சோர்ந்தவர் தம்மைத் தாமே மறைத்துக்கொள்கின்றனர். உறக்கம் வாராமை, உணவில் வெறுப்பு, தோழரை விலக்கித் தனித்திருத்தல், வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் ஆகியவை காய்ச்சலைப் போலவே கவனிக்கத்தக்க அறிகுறிகள். இவை தன்பாற் காணினும் தோழன்பாற் காணினும் ஆசிரியரிடமோ, பெற்றோரிடமோ, மருத்துவரிடமோ அன்றே சொல்லுதல் வேண்டும். நள்ளிரவில் அவர்கள் அருகில் இல்லையெனின், 2022இல் மத்திய அரசினர் அமைத்த 14416 என்னும் தொலைபேசி எண் உண்டு. இரவும் பகலும் அதனை அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.